மூடி இல்லாத கேமரா

அந்த ஆனி மாதம் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. காரணம், இன்னும் எடுக்கப்படாத ஒரு போட்டோ.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, எம்.சி.ஏ. படிப்புக்கு ஏதோ நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள். எழுதிவிட்டு வந்த அன்று அப்பா, "எப்படிக் கண்ணு எழுதுன?" என்று கேட்டார். "நல்லா எழுதியிருக்கறனுங்கப்பா" என்றாள். படிப்பைப் பற்றிய பேச்சு அத்தோடு சரி. அதற்குப் பிறகு வீட்டில் பேசியதெல்லாம் ஜாதகமும் பொருத்தமும்தான்.

ஏற்கெனவே ஓர் இடம் வந்து தட்டிப்போயிருந்தது. ஸ்டுடியோ போட்டோவைப் பார்த்துவிட்டு ஆசை ஆசையாக வந்தவர்கள், அக்காவை நேரில் பார்த்ததும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். ஸ்டுடியோக்காரர் எங்கள் மேல் இருந்த பிரியத்தில் பிரஷ் எடுத்து அக்காவின் மூக்கைக் கொஞ்சம் சீவி, நிறத்தை நன்றாக வெளுப்பாக்கி, கன்னத்தில் இல்லாத குழி ஒன்றையும் போட்டுக் கொடுத்திருந்தார். பாவம், நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். அன்றிலிருந்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே அம்மா பதற ஆரம்பித்தாள். அம்மா பதறினால் நானும் கூடச் சேர்ந்து பதறுவேன். நான் அப்போது ஆறாம் வகுப்பு. எதற்குப் பயப்படுகிறோம் என்று முழுசாகத் தெரியாமலே பயப்படக்கூடிய வயது.

கொடுமுடியிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. தாராபுரத்தில் வெங்காய மண்டி வைத்திருக்கும் குடும்பம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். ஜாதகம் பொருந்திவிட்டது, நல்ல வசதி, பெண் வேலைக்கெல்லாம் போக வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"ஸ்டுடியோ படமே வேண்டாமுன்னுட்டாங்கண்ணா. புள்ள ஊட்டுல சும்மா நிக்கறமாட்ட, இருக்கறது இருக்கறபடி நாலு படம் வேணுமாம். ஆனி முடியறதுக்குள்ள பாத்துப்போட்டா ஆவணியில முகூர்த்தம் வெச்சுக்கலாங்கறாங்க. ஆடி பொறந்துபோட்டா ஒண்ணும் பேச முடியாதுங்கண்ணா, பாத்துக்கோங்க."

ஆடியில் எங்கள் பக்கம் நல்ல காரியம் எதுவும் பேச மாட்டார்கள். ஜாதகக் கட்டைக்கூட எடுத்து மேலே வைத்துவிடுவார்கள். அத்தை பஸ் ஏறிய பிறகு அம்மா காலண்டரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் காலண்டரைப் பார்த்தேன்.

அப்பா பம்ப்செட் செய்யும் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போட்டோக்காரரைக் கூட்டிவந்து கொடுக்கும் காசுக்கு, ஒரு சின்னக் கேமராவே வாங்கிவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கோயில் குளம், நோம்பி, விசேஷம் என்று எல்லாவற்றுக்கும் உபயோகப்படும். "கல்யாணம் ஆனாலும் ஆகாட்டியும் கேமரா ஊட்டுல கெடக்குமல்லோ" என்றார். அந்த 'ஆகாட்டியும்' என்ற வார்த்தைக்காக அம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அப்பாவின் லீவு நாளில் நாலு பேரும் டவுன்ஹால் பக்கத்தில் இருந்த பாய் கடைக்குப் போனோம். கைக்கடிகாரம், டேப் ரெக்கார்டர், கால்குலேட்டர் என்று குட்டிக் குட்டிச் சாமானாக நிறைந்திருக்கும் கடை. அப்பாவின் கடிகாரம் அங்கே வாங்கியதுதான். பாய் எங்களை ஸ்டூலில் உட்கார வைத்து, கண்ணாடி மேசை மேல் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்றுக்கு மூக்கு நீண்டு நீண்டு வந்தது. அதன் விலையைக் கேட்டதும் அப்பா அதைத் தொடாமலே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மீதி இரண்டும் எங்களுக்கு ஏற்றவை. எதையும் திருகவோ கணக்குப் பார்க்கவோ வேண்டாம், மேலே உள்ள சின்னச் சன்னல் வழியாகப் பார்த்துப் பொத்தானை அமுக்கினால் போதும். ஒன்றுக்கு முன்பக்கம் மூடி இருந்தது. தள்ளினால் 'சரக்' என்று திறந்து, உள்ளே இருக்கும் வட்டக் கண்ணாடி வெளியே எட்டிப் பார்க்கும். இன்னொன்று மூடி இல்லாதது. கண்ணாடி எந்நேரமும் திறந்தே கிடந்தது. விலை கொஞ்சம் குறைவு. எனக்கு மூடி உள்ளதுதான் வேண்டும். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கையை விட்டு இறக்கவும் இல்லை.

அப்பா இரண்டையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "தேய்மானம் எப்படிங்க பாய்?" என்று கேட்டார். லேத்துக்காரருக்கு எதை வாங்கினாலும் அந்த ஒரு கேள்விதான். அம்மா வெகுநேரம் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, கொஞ்சம் கறுத்தாப்ல இருக்கறவங்கள இது எப்படிங்க காட்டும்?" என்றாள்.

"உள்ளத உள்ளபடி காட்டுமுங்கம்மா" என்றார் பாய் பெருமையாக. அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அக்கா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பாவும் அம்மாவும் விலையைப் பற்றிக் குசுகுசுவென்று பேசக் கடை வாசலுக்குப் போனார்கள். அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். அன்றைக்கு அவள் பாயிடம் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

"ஏனுங்க பாய், மூடி இல்லாததுல இந்தக் கண்ணாடி மேல தூசியோ கையோ பட்டா என்னாகுமுங்க?"

பாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரோ ஒருவர் விவரமாகக் கேட்டுவிட்டார்கள். "நல்லாக் கேட்டீங்கம்மா. மேல இருக்குற சன்னல் நம்ம பாக்கறதுக்கு. படம் புடிக்கறது கீழ இருக்குற இந்தக் கண்ணாடி. இதை வெரல் மறைச்சாக்கூட சன்னல்ல ஒண்ணும் தெரியாது. பாக்கறதுக்கு எல்லாம் செரியா இருக்கறமாட்டத்தான் இருக்கும். ரோலைக் கழுவி வந்தாத்தான் படம் போனதே தெரியும். அதுக்குத்தான் மூடி வெச்சதை எடுத்துக்கோங்கன்னு சொல்றேன்."

இதெல்லாம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நான் மூடியை 'சரக் சரக்' என்று தள்ளிக்கொண்டு, எப்படியாவது இதையே வாங்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அப்பா திரும்பி வந்தார். அக்கா மூடி இல்லாத கேமராவை அவர் பக்கம் நகர்த்தினாள். "இது போதுங்கப்பா. ஒரு மூடிக்கு எதுக்கு அவ்வளவு காசு?"

அப்பா நெகிழ்ந்துபோனார். கல்யாண வயதில் உள்ள பெண் இத்தனை சிக்கனமாக இருக்கிறாளே என்று பாயிடமே சொன்னார். பாய் மட்டும் விடாமல், "மூடி இருந்தா கண்ணாடிக்குப் பத்திரமுங்க" என்றார்.

"நான் சூதானமாப் பாத்துக்கறனுங்க பாய்" என்றாள் அக்கா.

என் கையிலிருந்த கேமராவை வாங்கி உள்ளே வைத்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. பாய் மற்றதில் ரோலைப் போட்டு, பேட்டரி போட்டு, "ரோல் முடியற வரைக்கும் பின்னாடிக் கதவை மட்டும் தொறந்துபோடாதீங்க, அத்தனையும் போயிரும்" என்று எச்சரித்து அனுப்பினார். பஸ்ஸில் அப்பா அதை இரண்டு கைகளாலும் மூடிப் பிடித்துக்கொண்டு வந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் அம்மா, "கதவு, கதவு" என்றாள். பக்கத்து சீட்டுக்காரர் பஸ் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் வீட்டுக்குள் எந்த மிசின் வந்தாலும் பொட்டு வைக்காமல் ஓட்ட மாட்டார்கள். மிக்சிக்கு மூடியில் வைத்தோம். மேசை விசிறிக்கு நடுவில் உள்ள குமிழில் வைத்தோம். பொட்டு இல்லாத மிசின் கையைக் கடிக்கும் என்பது பட்டறைக்காரரான அப்பாவின் தீர்மானம். வைத்த பொட்டைத் துடைக்கவும் கூடாது, அதுவாகக் காய்ந்து உதிர வேண்டும். கேமராவைச் சாமி படத்துக்கு முன்னால் ஒரு வெற்றிலை மேல் வைத்தார்கள். அப்பா சூடம் பற்றவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீயே வெய்யி அம்மணி. கன்னிப் பொண்ணு கையால வெச்சா காரியம் கூடி வரும்" என்று அம்மா சந்தனக் கிண்ணத்தை அக்காவிடம் நீட்டினாள்.

"எங்கீங்கம்மா வெக்கறது?"

"மொகமாட்ட எது இருக்குதோ அங்க வெய்யி கண்ணு."

அக்கா சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து எடுத்து, வட்டக் கண்ணாடியின் நடுவில் வைத்தாள். அதன் மேல் குங்குமம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. முகம் மாதிரி என்றால் வட்டமாக இருப்பதுதானே? மேலே இருந்த சின்னச் சன்னலை மறைக்காமல் வைத்ததற்காக அம்மா அவளை மெச்சினாள். அதன் வழியாகத்தான் எல்லாம் தெரிகிறது, அது பளிச்சென்று இருந்தால் போதும் என்பது எங்கள் எல்லாருடைய நினைப்பு.

மறுநாள் காலை வெளிச்சத்தில் படம் எடுத்தார்கள். பச்சைப் பட்டில் அக்கா சன்னலோரம் நின்றாள், துளசிச் செடிக்குப் பக்கத்தில் நின்றாள், காப்பி டம்ளரோடு சும்மா இருப்பதுபோல் உட்கார்ந்தாள். அப்பா கேமராவின் சன்னலில் கண்ணை வைத்து, "மூச்சு விடாதீங்க" என்று எங்கள் எல்லாருக்கும் சொன்னார். படத்தில் இல்லாத நானும் மூச்சை அடக்கினேன். ஒவ்வொரு முறை பொத்தானை அமுக்கியதும் அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. "ஆடிப்போச்சோ?" என்பார். இன்னொன்று எடுப்பார். அம்மா, "கண்ணை மூடிட்டாளோ?" என்பாள். அதற்காக மற்றொன்று.

அப்படியும் பாதி ரோல்கூட முடியவில்லை. உடனே கழுவிப் பார்த்துவிடலாம் என்று அம்மா துடித்தாள். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. பாதி ரோலை வீணாக்குவது அவரைப் பொறுத்தவரை பாதி சோற்றைக் கொட்டுவது. ஞாயிற்றுக்கிழமை கொடுமுடி போய், காவேரிப் படித்துறையில் குடும்பத்தோடு நின்று மிச்சத்தை எடுத்தார். அத்தையை எடுத்தார், கோயில் கோபுரத்தை எடுத்தார், ஈரப் பாவாடையோடு என்னை எடுத்தார். கடைசியில் கேமரா 'கிர்ர்ர்' என்று தானாகச் சுற்ற ஆரம்பித்ததும் பயந்துபோய் அதை அத்தையின் மடியில் போட்டுவிட்டார்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கலர் லேபில் ரோலைக் கொடுத்தோம். பிரிண்ட் வரச் சில நாளாகும் என்றார்கள். ஆனி கரைந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு போனில் அத்தை தினமும் கூப்பிட்டு, "வந்துருச்சுங்களாண்ணா?" என்றாள். அம்மா மருதமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். நான் என் பங்குக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டேன். படம் நன்றாக வராவிட்டால் அம்மா என்ன ஆவாள் என்று நினைத்து நினைத்து எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனேன். அக்கா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சாப்பாட்டில் அவளும் கை வைக்கவில்லை.

பிரிண்ட் வாங்கப் போகும் அன்று, "நீ எதுக்கு வெயில்ல?" என்று அம்மா தடுத்தும், "நானும் வாரனுங்கம்மா" என்று அக்கா கிளம்பிவிட்டாள்.

லேப்காரர் கவரை நீட்டும்போதே ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்பா முதல் படத்தை எடுத்தார். சன்னல் கம்பி தெரிந்தது. பச்சைப் பட்டின் முந்தானை தெரிந்தது. நடுவில், முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரே இருட்டு. அடுத்த படத்தில் துளசி இலை நான்கும் சுவரும், நடுவில் அதே இருட்டு. கொடுமுடிப் படங்களில் ஓரத்தில் காவேரி ஓடியது, ஒரு பரிசல்கூட இருந்தது. நாங்கள்தான் இல்லை. என்னுடைய ஈரப் பாவாடையின் விளிம்பு மட்டும் ஒரு மூலையில் தொங்கியது. அப்பா சீட்டைக் கலைப்பதுபோல வேகவேகமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு முகம்கூட இல்லை.

"முருகா, என்ற புள்ளைக்கு மொகமே இல்லியே!" அம்மா கடைக்குள்ளேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். இது ஏதோ கெட்ட சகுனம், வீட்டுக்குப் போனால் யாருக்காவது என்னவோ ஆகப் போகிறது என்று நினைத்தேன்.

லேப்காரர் கேமராவைக் கேட்டு வாங்கித் திருப்பினார். நகத்தால் சுரண்டினார். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக மேசை மேல் விழுந்தது.

"ஏனுங்க, பொட்டு வெக்கறதுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா? இதுதானுங்க படம் எடுக்கற கண்ணே."

"எங்கூட்டுல எல்லா மிசினுக்கும் வெப்பமுங்க" என்றார் அப்பா. பட்டறையே அதிரப் பேசுகிறவரின் குரல் அன்று எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் அக்கா பக்கம் திரும்புவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அவள ஒண்ணும் சொல்லாதீங்க. நாந்தான் அங்க வெக்கச் சொன்னேன். என்ற தப்புங்க." அக்கா கீழுதட்டைக் கடித்தபடி தலையைக் குனிந்து நின்றாள்.

புது ரோல் போட்டு எடுத்து, அதை முடித்து, கழுவி அனுப்புவதற்கு ஆனி காத்திருக்கவில்லை. தாராபுரத்துக்காரர்கள் காங்கேயத்தில் வேறு பெண்ணைப் பார்த்துவிட்டதாக அத்தை போனில் சொன்னாள். ஆடி பிறந்தது. ஜாதகங்கள் மேலே ஏறின. வீடே துக்கம் விசாரித்து முடிந்ததுபோல் ஓய்ந்து கிடந்தபோது, அக்காவின் சிநேகிதி ஒருத்தி ஓடி வந்து, எம்.சி.ஏ.வுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றாள். வேறு நேரமாக இருந்தால் அப்பா அதைக் காதில்கூடப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். "ஆடியில ஊட்டுல சும்மாதான உக்காந்திருக்குது. போய்ச் சேந்துக்கட்டும். தை மாசம் பாத்துக்கலாம்" என்றார். தை வந்தது, போனது. படிப்பின் பாதியில் இருக்கும் பெண்ணை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. படித்து முடித்து, வேலைக்குப் போய், தன் நிறத்தைப் பற்றிக் கவலைப்படாத ஒருவரை வெகுநாள் கழித்துக் கட்டிக்கொண்டாள். அந்தக் கேமரா என் காலேஜ் காலம் வரை நன்றாக உழைத்தது. ஆயுத பூஜைக்கு அப்பா அதைக் கவிழ்த்துப் போட்டு அடியில் பொட்டு வைப்பார்.

எங்கள் குடும்பத்தில் இது சிரிப்புக் கதையாகிவிட்டது. விசேஷ வீடுகளில் நான்தான் கைகால் ஆட்டிச் சொல்லுவேன். சில வருஷத்துக்கு முன்னால் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாய் கடைக் காட்சிக்கு வந்ததும் என் வாய் நின்றுபோனது. அக்கா கேட்ட ஒரே கேள்வியும், அதற்குப் பாய் சொன்ன பதிலும், மூடி இல்லாததை அப்பா பக்கம் நகர்த்திய அந்தக் கையும் அன்றுதான் எனக்குச் சேர்ந்தாற்போல் ஞாபகம் வந்தன. எங்கள் நாலு பேரில் அந்தக் கண்ணாடி என்ன செய்யும் என்று தெரிந்தவள் அவள் ஒருத்தி.

அடுப்படியில் தனியாக மாட்டினவளிடம் கேட்டேன். அவள் தட்டப்பயறு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "மொகமாட்ட எது இருக்குதோ அங்கதான வெக்கச் சொன்னாங்க அம்மா" என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆனால் ஆர்.எஸ்.புரத்திலிருந்து திரும்பி வந்த அந்த டவுன் பஸ்ஸை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். முன் சீட்டில் அம்மா அழுதுகொண்டு வந்தாள். அப்பா முகமில்லாத படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் நானும் அக்காவும். அவள் கையைப் பிடித்தேன். ஐஸ்போல் சில்லிட்டு, வேர்த்து, லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. பாவம், கல்யாணம் தட்டிப்போன துக்கம் என்று நினைத்தேன். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது.

"அழுகாதக்கா" என்றேன் அவள் காதருகே போய். "ஆனி முடிய இன்னும் நாளிருக்குது. வேற ரோல் போட்டா நல்லா வந்துரும்."

அக்கா வெடுக்கென்று என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவ்வளவு பயந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கைகூட நடுக்கம் நின்று அப்படியே விறைத்துப்போனது. ஆறுதல் சொல்லியாகிவிட்டது, இனி தேறிவிடுவாள் என்று நான் சன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன்.